வெயிலில் வைத்த கண்ணாடி

அப்போது பிரிக்பீல்ட்ஸ் ரயில் கொட்டகையில் சாமான் தூக்கினேன். பெட்டி நனைந்து வந்தால் திறந்து வெயிலில் காயவைப்போம். யாரையும் கேட்க மாட்டோம்.

சூரிய கிரகணம் முடிந்த வாரம் வடக்கேயிருந்து ஒரு பெட்டி நனைந்து வந்தது. கூட வந்தவர் கப்பல் விவரம் கேட்க ஆபீசுக்குப் போயிருந்தார். திறந்தேன். உள்ளே கறுப்புத் தாளில் சுற்றிய கண்ணாடித் தகடுகள். ஒன்றைப் பிரித்து வெயிலில் வைத்தேன். பால் நிறத்தில் இருந்தது, பார்க்கப் பார்க்கக் கறுத்தது.

"ஐயோ, பெட்டியை மூடுய்யா!"

அவர்தான் ஓடி வந்தார். இந்தியாவில் சூரியனை ஆராயும் நிலையத்துக்காரர், தமிழர்.

"எத்தனை பிரிச்சே?"

"ஒண்ணுதாங்க. நனைஞ்சிருந்துச்சு, அதான்..."

"கிரகணத்தைப் பிடிச்ச படம்யா. கழுவுற வரைக்கும் வெளிச்சமே படக்கூடாது. அந்தச் சில நிமிஷத்துக்குத்தான் கடல் தாண்டி வந்தோம்."

வேலை போனால் ரயில்வே வீடும் போகும். வீட்டில் மனைவி நிறைமாசம்.

அவர் மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"தாள் கிழியல. தப்பிச்சது."

நோட்டை எடுத்து எழுதினார்.

"என் பேருங்களா?"

"ஒரு படம் போச்சுன்னு எழுதுறேன். பேர் எதுக்கு? கப்பல் துறைக்குப் போற கிள்ளான் வண்டி வந்துருச்சு, பெட்டியைத் தூக்கிட்டுக் கூட வா."

"வேற ஆளைக் கூப்பிடவாங்க?"

"வேணாம். இங்க இதோட அருமை தெரிஞ்ச ஆளு இப்ப நீ ஒருத்தன்தான்."

கப்பல் துறை வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன். மன்னித்தாரா என்று தெரியாது. கிரகணம் என்று கேட்டால் இன்றும் மடி கனக்கிறது.