சிவப்பு விளக்கு மீட்டர்

கருக்களாச்சேரி அஞ்சுகத்துக்கு ஓரகத்தி வினிதாவின் பேரைக் கேட்டாலே வயிறு எரியும். எரியாதா பின்னே? சுவருக்கு இந்தப் பக்கம் இவள் விடிந்தும் விடியாமலும் மீன் கூடையோடு அம்பகரத்தூர் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். அந்தப் பக்கம் அவள், துபாய்ப் புருஷன் தயவில் ஃபிரிட்ஜும் கலர் டிவியுமாக, நைட்டியோடு சாவகாசமாக வாசல் தெளிக்கிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அஞ்சுகத்தின் புருஷன் சிங்காரவேலு இருக்கிறாரே, அவர் வாயைத் திறந்தால் போதும், "தம்பி பொண்டாட்டியப் பாரு, என்னா பொறுப்பு!" என்பார். இருபத்திரண்டு வருஷம் கூடை சுமந்தவளைப் பார்த்து ஒருநாள், ஒரே ஒருநாள், அப்படிச் சொன்னதில்லை. அந்த வாயை அடைக்க வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

இரண்டு வீட்டுக்கும் கரண்ட் கனெக்‌ஷன் ஒன்றுதான். 2007 ஆவணியில் பில் எகிறியதும் அஞ்சுகத்துக்குப் பிடி கிடைத்துவிட்டது. வினிதா வீட்டு லைனில் தனி மீட்டர் மாட்டி, அவள் பொறுப்பின் லட்சணத்தைப் புருஷனுக்குக் காட்டிவிடுவது என்று கிளம்பினாள்.

காரைக்கால் டவுனில் முத்து முகம்மது கடையில் இரண்டு மீட்டரை எடுத்து வைத்தார்கள்.

"இது சக்கரம் சுத்துறதுங்க. இது புதுசு, நம்பர் ஓடும். கரண்ட் கூட இழுத்தா இந்தச் செவப்பு லைட்டு வேகமா மினுக்கும்."

"எது கூடுதலா காட்டும் பாய்?"

"ரெண்டும் உள்ளதத்தாங்க காட்டும்!"

"சக்கரத்தக் கிட்டப் போயில்ல பாக்கணும்? எனக்கு எங்க வூட்டு வாசல்ல ஒக்காந்தே தெரியணும். செவப்பு லைட்டே குடுங்க."

எலக்ட்ரீஷியன் உத்திராபதி வந்து மாட்டினான். வினிதா சண்டைக்கு வருவாள் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள் அஞ்சுகம். அவளோ, "மாட்டுங்கக்கா, நல்லதுதானே," என்று உள்ளே போய்விட்டாள். அதற்கும் எரிந்தது.

அன்றிலிருந்து வியாபாரம் முடிந்து வந்தால் கால்கூடக் கழுவ மாட்டாள். நேரே விளக்கைத்தான் பார்ப்பாள். அதுவும் ஓயாமல் மினுக்கியது. அடடா, அஞ்சுகத்துக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு வாரம் பொறுத்து, புருஷன் வீட்டிலிருக்கும் நாளாகப் பார்த்து உத்திராபதியை வரச்சொன்னாள். "ஒண்ணொண்ணா நிறுத்திப் பாரு தம்பி. எது இந்தக் குடி குடிக்குதுன்னு இவரும் பாக்கட்டும்."

டிவியை நிறுத்தினான். மினுக்கியது. ஃபேனை நிறுத்தினான். மினுக்கியது. ஃபிரிட்ஜைப் பிடுங்கினான், மினுக்குவது அப்படியே நின்றது.

"இதுதாங்க, மூச்சு விடாம ஓடியிருக்கு. உள்ள அப்படி என்னத்த ரொப்பி வச்சிருக்கீங்க?"

வினிதா சிங்காரவேலுவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அஞ்சுகம் பாய்ந்து போய் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தாள்.

ஐஸ். மேல் அறை முழுக்க டிபன் பாக்ஸிலும் சொம்பிலும் ஐஸ். நடுவில், ஆடி மாதம் காணாமற்போன அவளுடைய அலுமினிய டப்பா, அதிலும் ஐஸ்.

"பெரிய மச்சான்தான் கேட்டாங்கக்கா," என்றாள் வினிதா மெதுவாக. "ஐஸ் பிளாண்ட்டுல வரிசை நின்னு வாங்குறதுக்குள்ள ஒங்களுக்கு பஸ் போயிடுதாம். ஒங்ககிட்ட சொன்னா தொடமாட்டீங்கன்னு..."

தினமும் விடிகாலையில் சாக்கில் போட்டு அடித்து நொறுக்கி, பிளாண்ட் ஐஸ் என்று அவர் கொண்டுவந்து தந்தது இதுதானா? அம்பகரத்தூரில், "அஞ்சுகம் மீனுன்னா நம்பி வாங்கலாம்," என்று ஊரே சொல்கிறதே! அவளுக்கென்று இருந்த ஒரே நல்ல பேர். அதுவும் இவள் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்தா வந்தது?

"நாந்தான் சொன்னேன்ல, பொறுப்பான..." என்று ஆரம்பித்தார் சிங்காரவேலு.

"வாய மூடுங்க!"

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து அழுதாள். ஃபிரிட்ஜ் அவளுக்கு, டிவி அவளுக்கு, நல்ல மனசும் அவளுக்கேவா? எனக்கென்று ஒன்றையாவது விட்டு வைக்க மாட்டாளா, பாவி!

மறுநாள் ஐஸ் சாக்கு வரவில்லை. சிங்காரவேலுவுக்குப் பயம். கூடையில் வஞ்சிரமும் சங்கராவும் காத்துக் கிடந்தன, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அஞ்சுகம் வினிதா வீட்டு வாசலில் போய் நின்றாள். ஓரகத்தியிடம் அவள் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

"அந்த ஐஸக் குடு."

வினிதா ஓடிப்போய் எடுத்து வந்தாள். அலுமினிய டப்பாவைத் துடைத்து வேறு கொடுத்தாள். வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்த அஞ்சுகத்துக்கு வயிறு முன்னைவிட எரிந்தது.