சுண்டல் தண்ணீரில் ஒரு வெள்ளை கேக்

“என் கேக்கு மட்டும் ஏன் எப்பவும் பழமாவே இருக்கு?”

தினேஸ்வரி ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. முட்டையோ பாலோ கொஞ்சம் உள்ளே போனாலும் அவளுக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறும். மூன்று வயதில் யாரோ ஊட்டிய ஒரு வாய் கேக்கால் இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தர்பூசணியை வட்டமாக வெட்டி, அதன்மேல் மெழுகுவர்த்தி குத்துவார்கள்.

அவள் அம்மா கலாதேவி அக்கா மலேசியாவின் ஈப்போவில், எங்கள் தாமான் குடியிருப்பில் பள்ளி வேன் ஓட்டுகிறார். தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை முதலாளிகள் விற்றதும் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். பள்ளியின் கடைசித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்த நான், வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கப் போனேன்.

காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டால், மதியம்வரை அக்கா அடுப்படியில்தான் இருப்பார். மாவு, சீனி, தேங்காய்ப்பால், எண்ணெய், கொஞ்சம் வினிகர், சோடா மாவு. வெண்ணெய்கூடக் கிடையாது. முதல் நான்கு கேக்குகளைப் பல்லால் கடிக்க முடியவில்லை. ஐந்தாவது பஞ்சு மாதிரி வந்த அன்று, அக்கா வேன் ஹாரனை அடித்துத் தெருவையே கூப்பிட்டார்.

ஆனால் தினேஸ்வரி ஆசைப்பட்டது வெள்ளை கிரீம் போட்ட கேக். ஏழாவது பிறந்தநாளுக்கு அது கட்டாயம் உண்டு என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். வேன் பிள்ளைகள் பன்னிரண்டு பேரையும் அழைத்தாயிற்று.

கொண்டைக்கடலை வெந்த தண்ணீரில் சீனி போட்டு அடித்தால் கிரீம் போல நுரைக்கும் என்று கைப்பேசியில் பார்த்தவள் நான்தான். அது நவராத்திரி நேரம், கோயிலில் தினமும் சுண்டல். தினேஸ்வரிக்கு அது ஒத்துக்கொள்ளும், கை நிறைய வாங்கித் தின்பாள். கோயிலில் சமைக்கும் சின்னையா அண்ணனிடம் முதல்நாளே ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி வந்தேன்.

பிறந்தநாளன்று காலை அதை அடித்தோம். கால் மணி நேரத்தில், கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத வெள்ளை நுரை! இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினோம். விரலால் தொட்டு நக்கிப் பார்த்த அக்கா, ஆட்டத்தை நிறுத்தினார்.

“அலாமாக்! பெருங்காயம் வாட அடிக்குது. உப்பு வேற! நீ அவருகிட்ட கேட்டியா இல்லியா?”

நான் கேட்கவில்லை. சுண்டலுக்கு உப்பைப் போட்டுத்தான் வேகவைக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

“ராத்திரி பிள்ளைங்க வந்துருவாங்க. இனிமே கடல வாங்கி எப்ப ஊறப்போட்டு எப்ப அவிக்கிறது?” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார் அக்கா. பிறகு சட்டென்று வேன் சாவியை எடுத்தார். கோயிலில் அன்றைய கடலை முதல்நாளே ஊறியிருக்குமே!

“அண்ணே, இன்னிக்கி மட்டும் உப்பு, பெருங்காயம் போடாம கடலைய அவிங்கண்ணே. தண்ணிய வடிச்சப்புறம் போட்டுக்குங்க,” என்றார் அக்கா.

“ஏன்லா, அம்மனுக்குப் பிரஷர் வந்துருச்சா?” என்றார் சின்னையா அண்ணன்.

அக்கா விவரத்தைச் சொன்னார். அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார்.

“கேக்குல முட்டையே கெடையாதா? நெசமாவா?”

“ஒரு சொட்டு கெடையாதுண்ணே.”

“அப்ப எதுக்கு வீட்டுல வெட்டுறீங்க? பூச முடிஞ்சதும் இங்க மண்டபத்துலயே வெட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

அன்று இரவு பூசை முடிந்ததும், மண்டபத்தின் நடுவில் வெள்ளை வெளேரென்று கேக் நின்றது. தினேஸ்வரி மெழுகுவர்த்திகளை ஊதினாள். முதல் துண்டை அக்கா நீட்டியபோது அவள் வாயைத் திறக்கவில்லை.

“எனக்குமாம்மா? நான் சாப்பிடலாமா?”

“எல்லாமே உனக்குத்தான்டா,” என்றார் அக்கா. துண்டைப் பிட்டு அவள் வாயில் ஊட்டினார்.

மூக்கு, கன்னம், பட்டுப் பாவாடை எங்கும் கிரீம். பிள்ளைகள் கிண்ணத்தை வழித்து நக்கினார்கள். சின்னையா அண்ணன் மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டு, “இவ்ளோ வருசமா இந்தத் தண்ணிய லொங்காங்ல ஊத்திட்டேனே லா,” என்று வெளியே இருந்த சாக்கடையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

முட்டையும் பாலும் ஆகாத பிள்ளை உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருந்தால், கலாதேவி அக்காவின் கதையை அந்த வீட்டாரிடம் சொல்லுங்கள். உப்புப் போட்டார்களா என்று முதலில் கேட்கவும் சொல்லுங்கள்.