கோயில் மாடு மேய்ந்த தீவு

நேர்ந்துவிட்ட காளையைக் கயிறு போட்டுக் கட்டிய ஆள் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான். அதற்காக மூன்று மாதம் பலர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. கோபம் அவர்களுக்கு மட்டும்தான் வருமா?

கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகு ஏறுகிறவர்களுக்குச் சிலாங்கூர் ஆறு சாதுவான ஆறு. அதற்குக் கொஞ்சம் மேலே, ஆறு வளைகிற இடத்தில் குடியிருக்கும் எங்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவோம். நாங்கள் வேலை செய்த தோட்டம் கைமாறி, தொழிலாளர் லயத்தை இடித்தபோது, எட்டுக் குடும்பங்கள் இந்தக் கரையோரம் வீடு கட்டிக்கொண்டோம். பக்கத்திலேயே கோயில். எதிரே ஆற்றுக்குள் ஒரு தீவு. மலாய்க்காரர்களைப் போல நாங்களும் அதைப் பூலாவ் என்றுதான் சொல்லுவோம். மேலிருந்து வரும் தண்ணீர் அதன் தலையில் மோதி இரண்டாகப் பிரியும். வேகமெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். எங்கள் பக்கம் வருவது கொஞ்சம்தான். கீழே கடலில் ஓதம் வற்றும் நேரத்தில் அதுவும் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும்.

ஒரு வருடம் வந்த வெள்ளத்தில் தீவின் தலை கரைந்து போனது. அதோடு எங்கள் கரையும் சரிந்தது. என் குசினிச் சுவரிலிருந்து கரை விளிம்புக்கு இருபது காலடி இருந்தது, ஒன்பதாகிவிட்டது. எங்களுக்கு வேறு மனை கிடையாது. இன்னொரு வெள்ளம் வந்தால் வீடு ஆற்றோடு போகும். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் அப்போது மணல் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். "மேல மணலு தோண்டுறாங்கல்ல, அதான் இங்க மண்ணு வந்து சேரல" என்றார், யாரோ எவரோ செய்கிற காரியம் மாதிரி.

"தோண்டுனத ஏத்திக்கிட்டுப் போறது யாரு லா?" என்று கேட்டேன். அன்று அவருக்கும் சோறு இறங்கவில்லை.

ஆனால் மணல் மட்டும் காரணமில்லை என்று எனக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தீவின் வால் பக்கம் ஒரு பிடி மண்கூடப் போகவில்லை. அங்கே நிப்பாப் பனையும், மின்மினி மொய்க்கிற பெரெம்பாங் மரமும் வேர் பின்னி நிற்கின்றன. சேறு ஆழம் என்பதால் மாடுகள் போகாது. தலைப் பக்கம்தான் மேய்ச்சல். தண்ணீர் வற்றியதும் கோயில் காளை முதலில் இறங்கும். அதன் பின்னால் எல்லார் வீட்டு மாடுகளும் இறங்கும், என்னுடைய இரண்டும் சேர்த்து. நாணல் துளிர்த்தால் தின்றுவிடும், மரக்கன்று எட்டிப் பார்த்தால் அதையும் தின்றுவிடும். வேர் இல்லாத மண்ணை வெள்ளம் வாரிக்கொண்டு போகாமல் என்ன செய்யும்? சாமி மாட்டை மறிக்கக் கூடாது என்று இத்தனை வருடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானே அதற்கு வாழைப்பழம் கொடுத்து, தொட்டுக் கும்பிட்டு அனுப்பியிருக்கிறேன்.

கோயில் தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"சாமிக்கு விட்ட மாடு தங்கச்சி. கட்டுனா குத்தமாயிரும்" என்றார்.

"சாமியும் இந்தக் கரையிலதாண்ணே இருக்கு. கரை போச்சுன்னா சாமி எங்க போவும்?"

"அதெல்லாம் சாமி பாத்துக்கும் லா."

"சாமி பாத்துக்கிட்டுத்தான் இருக்கு. நம்மதான் ஒண்ணும் செய்யாம இருக்கோம்."

மறுநாள் காலையில் காளையைக் கோயில் கொட்டகையில் கட்டினேன். தினமும் நானே புல்லறுத்துப் போட்டேன். முன்னால் போக ஆளில்லாமல் மற்ற மாடுகளும் தண்ணீரில் இறங்கவில்லை.

அடுத்தது மண். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் நான் வருடக்கணக்காக மட்டை அடுக்கியவள். வெட்டிப் போட்ட மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கினால் மழையில் மண் ஓடாது. வரிசை கோணினால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கத்துவார். அதையே தீவின் தலையில் செய்தால் என்ன? சொல்லி வாய் மூடவில்லை, ஊரே சிரித்தது. ஒரு ஞாயிறு காலை என் வீட்டுக்காரர், தன் முதலாளியிடம் லோரியைக் கேட்டு வாங்கி, அது நிறைய மட்டைகளைக் கொண்டுவந்து கரையில் கொட்டினார். இருவருமாகச் சுமந்து போய் அடுக்கி, அடித்துக்கொண்டு போகாமல் மூங்கில் முளை அடித்தோம். பிறகு அவர் மணல் வேலையை விட்டு ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டப் போய்விட்டார். நான் சொன்னதற்காக வேலையை விடவில்லை என்று இன்றைக்கும் சாதிக்கிறார், பாவம்.

ஆறு பெருகிய ஒவ்வொரு முறையும் மட்டைகளுக்குப் பின்னால் சேறு தங்கியது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் நாணல் இடுப்பளவு. மறுவருடம், யாரும் நடாமலே, பெரெம்பாங் கன்றுகள் வந்தன.

அதற்கும் அடுத்த வருடம் பெரிய வெள்ளம் வந்தது. பட்டப்பகலில், மரத்தையும் தகரத்தையும் உருட்டிக்கொண்டு வந்தது. எட்டு வீட்டு ஆட்களும் கோயில் படியில் நின்று பார்த்தோம். தீவு முழுகி, நாணல் நுனியும் இளமரங்களும் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. கும்பிட்ட கையை நான் இறக்கவே இல்லை. தண்ணீர் அங்கே மோதியது, தயங்கியது, அந்தப் பக்கம் திரும்பியது.

இரண்டு நாள் கழித்து வடிந்ததும் குசினிச் சுவரிலிருந்து காலடி வைத்து அளந்தேன். ஒன்பது. நம்பாமல் திரும்ப அளந்தேன். ஒன்பதேதான். "போகல! ஒண்ணும் போகல!" என்று நான் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடிவந்தார்கள். தீவின் தலை முன்பைவிட நீளமாக, புதுச் சேறு பூசிக்கொண்டு கிடந்தது.

அந்த வருடத் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று பூசாரி கேட்டார். அது எப்போதும் தலைவருக்குத்தான். அவர் மாலையைக் கையில் வாங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் வந்து என் முன்னால் நின்றார். "வாங்கிக்க தங்கச்சி" என்றார். எனக்கு எதற்கண்ணே என்று ஒரு பேச்சுக்குக்கூட நான் சொல்லவில்லை. கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன்.