நான்கரை மணி நேரம்

சில அப்பாக்களுக்கு மகளின் நட்சத்திரம் தெரியும், செருப்பு அளவு தெரியும். எனக்குத் தெரிந்தது, அவள் உடம்பில் பாராசிட்டமால் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது. நான்கரை மணி நேரம். கொடுத்த முக்கால் மணியில் சூடு இறங்கும், கன்னத்துச் சிவப்பு அடங்கும். கண் மட்டும் கொஞ்சம் பளபளவென்று இருக்கும். அதைத் தூக்கக் கலக்கம் என்று சொல்லிவிடலாம். காலை ஏழே காலுக்குக் கொடுத்தால் எட்டரைக்கு டேகேர் வாசலில் சிரித்த முகமாக நிற்பாள். பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும்போது எனக்குப் போன் வரும்.

இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாகவே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது அவளுக்கு மூன்றரை வயது. ஹெப்பகோடியில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம், இன்னும் அங்கேதான் இருக்கிறோம். மனைவிக்கு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறு வாரம் மதிய ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் என்றால் ஐந்தே முக்காலுக்கே கம்பெனி பஸ் ஏறிவிடுவாள், பெண்ணை எழுப்பிக் குளிப்பாட்டி டேகேரில் விடுவது என் பொறுப்பு. மதிய ஷிஃப்ட் வாரத்தில் அவளே பன்னிரண்டு மணிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். இரண்டு வாரங்களிலும் சாயந்திரம் கூட்டி வருவது நான். உதவிக்கு ஊரிலிருந்து வந்து தங்க யாரும் இல்லை. என் அம்மா உயிரோடு இல்லை. மனைவியின் அம்மாவுக்கு மகன் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வெளிநாட்டுக்காரர்களின் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. டீம் லீட் கோயம்புத்தூர்ப் பையன், கல்யாணம் ஆகாதவன், எல்லோரையும் ப்ரோ என்பான். பெண் டேகேரில் சேர்ந்த முதல் இரண்டு மாதத்தில் மூன்று முறை ஜுரத்தில் விழுந்தாள், மூன்று முறையும் நான் லீவு போட்டேன். நான்காவது முறை அவனைக் கூப்பிட்டேன்.

"ப்ரோ, லீவுன்னா ஒரு வாரம் முன்னாடி சொல்லணும். ஜுரம் சொல்லிட்டு வராது, எனக்கும் புரியுது. ஆனா ப்ராசஸ் அப்படி. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா உங்களை ப்ராஜெக்ட்ல வச்சிருக்க என்னால முடியாது."

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் கிடந்த பெண்ணைப் பார்த்தேன். பாவம் என்று தோன்றவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"இன்னிக்குன்னு பார்த்து வரணுமா உனக்கு? அப்பா வேலை போயிடும், தெரியுமா?"

"சாரி அப்பா," என்றாள். "இனிமே வராது."

ஜுரம் வந்ததற்கு மன்னிப்புக் கேட்ட குழந்தை. அதைக் கேட்டும் என் மனம் இளகவில்லை. அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துக் குலுக்கி ஐந்து மில்லி ஊற்றினேன்.

டேகேர் இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில். நடத்துகிறவர் இதே ஊரில் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்த தமிழம்மா, ஐம்பது வயதிருக்கும். பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் அவர் ஆன்ட்டிதான். ஜுரம் உள்ள குழந்தைகளைச் சேர்க்க மாட்டோம் என்று கேட்டில் இங்கிலீஷிலும் கன்னடத்திலும் எழுதி மாட்டியிருப்பார். பக்கத்திலேயே நெற்றிக்கு நேராகப் பிடித்து அழுத்தும் தெர்மாமீட்டரோடு நிற்பார். அது நெற்றியை மட்டும்தான் பார்க்கும் என்பது எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. பெண்ணை ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப் போவேன். மற்ற நாட்களில் குல்லா போடுவேன். ஜுர நாட்களில் குல்லாவைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, நேராக இரண்டு தெரு போகாமல் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போவேன். எதிர்காற்று நெற்றியைக் குளிரவைத்துவிடும். கடைசித் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, நனைத்து வைத்திருந்த கைக்குட்டையால் ஒரு முறை துடைப்பேன், பிறகு பவுடர். அங்கேயே பாடமும் நடக்கும்.

"ஆன்ட்டி கேட்டா என்ன சொல்லுவ?"

"ஜுரம் இல்ல."

"அப்புறம்?"

"நல்லா இருக்கேன்."

"சிரிச்சுகிட்டே சொல்லு."

சிரிப்பாள். பால் பல்வரிசை முழுக்கத் தெரியும். திரும்பக் கூட்டி வரும்போது முதல் கேள்வி அதுதான்: "நான் நல்லா சொன்னேனா அப்பா?" நல்லா சொன்னே என்று தட்டிக்கொடுத்து ஒரு ஸ்டிக்கர் தருவேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்துக்கொள்வாள். மீன், பட்டாம்பூச்சி, நட்சத்திரம் என்று எல்லாம் அவள் பொய் சொல்லிச் சம்பாதித்தது.

பதினொன்றே முக்காலுக்கு ஆன்ட்டியின் போன் வரும். "சார், பாப்பாக்கு உடம்பு கொதிக்குது சார். கொஞ்சம் சீக்கிரம் வாங்க." நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவேன், முகத்தில் பதற்றம் தானாக வந்துவிடும். ஒரு வாரம் முன்னால் சொல்லாத லீவுக்கு இரங்காத அந்தப் பையன், திடீரென்று வந்த போனுக்கு இரங்கினான். "போங்க ப்ரோ, குழந்தைதான் முக்கியம்." எமர்ஜென்சி என்பது ப்ராசஸில் இருந்தது. அரை நாள் வேலை பார்த்த கணக்கும் ஆயிற்று, நல்ல அப்பா என்ற பெயரும் கிடைத்தது.

மனைவியின் வாரங்களிலும் எனக்குப் போன் வரும், ஆனால் சாயந்திரம் நாலரைக்கு மேல். விட்டபோது நல்லாத்தான் இருந்தா என்று அம்மா சொன்னாங்களே சார் என்பார் ஆன்ட்டி. நானும் ஆமாம் என்பேன். அதில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. மருந்து பாட்டில் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் காலியாகிக்கொண்டிருந்தது. மூடி சரியில்லை, ஒழுகுகிறது என்று எடுத்துக்கொண்டேன். மனைவியிடம் கேட்கப் போனால் அவளும் என்னைக் கேட்பாள்.

மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டுமே, யோசிக்கவில்லையா என்றால், யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் அனுப்பினேன். அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. ஒரு நாள் மத்தியானம் பெண்ணைக் கூட்டி வரப் போனபோது ஆன்ட்டியை மற்ற அம்மாக்கள் முன்னால் நிற்க வைத்துப் பேசினேன்.

"காலைல நல்லாத்தானே விட்டுட்டுப் போனேன்? உங்க இடத்துல யார் யாரோ மூக்கு ஒழுகிட்டு இருக்காங்க. நீங்க பார்க்கிறதே இல்லையா?"

"சாரி சார். ஒவ்வொரு புள்ளையையும் பார்த்துதான் சார் உள்ள விடுறேன். எப்படி மிஸ் ஆவுதுன்னே தெரியல. மிஷின்தான் பேஜார் பண்ணுதுன்னு நெனக்கிறேன்."

மறுநாள் புது தெர்மாமீட்டர் வந்திருந்தது. பழையதில் ஒரு கோளாறும் இல்லை என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று அன்று நினைத்தேன். கேட்டில் நின்று புதிய மிஷினை என் மகளின் குளிர்ந்த நெற்றிக்குக் காட்டி, "பாருங்க சார், கரெக்டா காட்டுது," என்று சந்தோஷப்பட்டார் அந்த அம்மா.

அந்த வாரமே ஐந்து பிள்ளைகள் விழுந்தார்கள். அதில் ஒன்று, ஒரு வயது ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கையில் ஊசி குத்தி வைத்திருக்கும் படத்தை அதன் அம்மா வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, யார் ஜுரத்தோடு பிள்ளையை அனுப்பியது என்று கேட்டிருந்தாள். நான்தான் முதலில் பதில் எழுதினேன். மருந்தைக் கொடுத்து அனுப்புகிறவர்கள் பெற்றவர்களே இல்லை, இவர்களைக் கண்டுபிடித்து விலக்க வேண்டும் என்று ஒரு பத்தி. வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. என் மனைவியும் ஒன்று போட்டிருந்தாள்.

இது நடந்து மூன்று வாரம் இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருவருக்கும் விடுமுறை. மனைவி அடுப்படியில் கோழியை வதக்கிக்கொண்டிருந்தாள். நான் பாயில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் காலையிலிருந்து சத்தமே போடவில்லை. பால்கனிக் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள்.

"என்னடி பண்ற அங்க?"

"காத்து வாங்கறேன்."

பெரிய மனுஷி பேச்சு என்று சிரித்தேன். பதினோரு மணிக்கு என்னைத் தாண்டி நடந்தபோது முன்முடியெல்லாம் நனைந்திருந்தது. கையில் என் கைக்குட்டை, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணியில ஆடினியா?"

இல்லை என்று தலையாட்டினாள். பிறகு, நான் கேட்காமலேயே, "ஜுரம் இல்ல," என்றாள்.

அந்த இடத்தில் நான் கையை நீட்டி அவள் கழுத்தைத் தொட்டிருக்க வேண்டும். அவள் ஒரு முழம் தள்ளித்தான் நின்றாள். அப்பா விடுமுறையில் இருக்கிறான், இன்று ஜுரம் வந்தால் யாருக்கும் வேலை போகாது என்பதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? ஜுரம் வந்தால் அப்பா திட்டுவான், மறைத்தால் ஸ்டிக்கர் தருவான். நான் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். சரி போ என்று சொல்லிவிட்டு போனுக்குத் திரும்பினேன்.

மத்தியானம் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறேன் என்று போய்ப் படுத்துக்கொண்டாள். கெஞ்சாமல் தூங்கப் போகிறாளே என்று நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டோம். மூன்று மணிக்கு உள் அறையிலிருந்து தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அவள் குதிகால்கள். உடம்பு விறைத்து, கண் மேலே செருகி, வாயோரம் நுரை. தூக்கிய மனைவி, "ஐயோ, நெருப்பா கொதிக்குதே," என்று கத்தினாள்.

சந்தாபுரா போகும் வழியில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் ஸ்கூட்டரிலேயே போனோம். மனைவி பின்னால் உட்கார்ந்து அவளை எனக்கும் தனக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அதே மெயின் ரோடு, அதே காற்று. என் முதுகு வெந்தது.

டாக்டரம்மா ஊசி போட்டார், துடைக்கச் சொன்னார், கையில் டிரிப் ஏற்றினார். சின்னப் பிள்ளைகளுக்கு ஜுரம் எகிறினால் சில பேருக்கு இப்படி வெட்டி இழுக்கும், பயப்படாதீர்கள் என்றார். பிறகு பாதி கன்னடத்தில் கேட்டார்.

"ஜுரம் யாவாகிந்த, அதாவது, எப்பத்திலிருந்து?"

"இல்ல டாக்டர்," என்றாள் மனைவி. "காலைல நல்லாத்தான் இருந்தா."

டேகேர் வாசலில் நான் சொல்லி வந்த வாக்கியம். ராகம்கூட மாறவில்லை. எங்கே பிடித்தாள் இதை என்று ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பெண் கண் விழித்தாள். இடது பக்கம் நான், வலது பக்கம் அவள் அம்மா. இங்கே எப்படி வந்தோம் என்று புரியாமல் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். டாக்டரம்மா மறுபடி வந்து, ஆன்ட்டி வைத்திருப்பது போன்ற ஒரு தெர்மாமீட்டரை அவள் நெற்றிக்கு நேராக நீட்டினார். அதைப் பார்த்ததும் என் மகள் எழுந்து உட்கார முயன்றாள். டிரிப் குத்திய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது. அந்த வாயோடு சிரித்தாள், பல்வரிசை முழுக்கத் தெரிய.

"ஜுரம் இல்ல. நல்லா இருக்கேன்."

டாக்டரம்மா கையை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்.

பெண் என் பக்கம் திரும்பினாள். "நல்லா சொன்னேனா அப்பா?"

மனைவி என்னைத்தான் பார்ப்பாள், இங்கேயே என்னைக் கிழித்துத் தொங்கவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் பார்க்கவில்லை. பெண் அவள் பக்கமாகத் திரும்பினாள்.

"நல்லா சொன்னேனா அம்மா?"

மனைவி தன் வாரங்களில் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுபோய் விடுவாள். போன் நாலரைக்கு மேல் வரும். இவ்வளவு சின்னக் கணக்கு, அந்தக் கட்டிலருகே நின்றுதான் போட்டு முடித்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த ஒரு வயதுக் குழந்தை நினைவுக்கு வந்தது. அது விழுந்த வாரம் யாருடைய ஷிஃப்ட் என்று யோசித்தேன். தெரியவில்லை. அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாளோ என்னவோ, தரையைப் பார்த்தபடி நின்றாள்.

பதில் வராமல் பெண் படுக்க மாட்டேன் என்றாள். என் முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வாய் இன்னும் சிரித்தபடியே இருந்தது, கன்னம் மட்டும் நடுங்க ஆரம்பித்தது. நர்ஸ் அவள் தோளைப் பிடித்துச் சாய்க்கப் பார்த்தார். சாயவில்லை.

"நல்லா சொன்னே கண்ணு," என்றாள் மனைவி.

நானும் தலையாட்டினேன். அதன் பிறகுதான் படுத்தாள்.