செங்கோட்டை மலையாளம்

எனக்குத் தெரிந்த மலையாளம், பள்ளி லீவுக்குக் கேரள எல்லையில் இருக்கும் செங்கோட்டைச் சித்தி வீட்டுக்குப் போகும்போது பொறுக்கியது. அதை வைத்து இஸ்ரேலில் வேலை வாங்கினேன் என்றால் எங்கள் ஊர் மேலகரத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

நெகேவ் பாலைவனத்தில் ஒரு சின்ன விவசாயக் கிராமம். கொச்சிப் பக்கமிருந்து குடியேறிய யூதர்கள் உருவாக்கியது. மணலில் குடைமிளகாய் விளைந்தது. வீட்டுக்கு வீடு கறிவேப்பிலை நின்றது. சின்ன வயதில் அங்கே போய்ச் சேர்ந்த ஒரு பெரியவரைக் கவனிப்பது என் வேலை. மறதி நோயில் அவருக்கு ஹீப்ரு போய், மலையாளம் மட்டும் மிச்சமிருந்தது. கூட இருந்த ஒரே மகளுக்கோ அது சுத்தமாகத் தெரியாது. “அப்பா பேசுவது உனக்குப் புரிந்தால் போதும்” என்று ஆங்கிலத்தில் சொல்லித்தான் என்னைச் சேர்த்தாள்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதிக்குத் தலையாட்டினேன். போனில் அம்மா சிரிப்பாள்: “ஏட்டி, உனக்குத் தமிழே தகராறு. அங்கன போயி என்னத்த மலையாளம் பேசுத?”

ஒருநாள் காலை, நல்ல வெயில். மகள் வறண்ட ஓடைக்குள் இறங்கிக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர், “வெள்ளம்! வெள்ளம்!” என்று கத்தினார். நம்மூரில் வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. மலையாளத்தில் வெறும் தண்ணீர். இதுகூடவா தெரியாது எனக்கு? பெருமையாக ஒரு தம்ளர் கொண்டுபோய் நீட்டினேன். தட்டிவிட்டார். மறுபடி கொண்டுவந்தேன். அதையும் தட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் அவர் கை நீட்டிய பக்கம் பார்த்தேன். தூரத்து மலைமேல் மட்டும் கருமேகம். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு அது போதும். அங்கேயும் கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை அருவியில் வந்து இறங்கும்; போலீஸ் விசிலடித்துக் குளிப்பவர்களை விரட்டும். இவர் சொன்னது நம்மூர் வெள்ளம்.

ஓடினேன். “மேலே வா!” என்று ஆங்கிலத்தில் கத்தினேனா தமிழில் கத்தினேனா, நினைவில்லை. மகள் என் முகத்தைப் பார்த்ததும் கரையேறிவிட்டாள். நாங்கள் வீட்டுப் பக்கம் திரும்புவதற்குள் கலங்கல் தண்ணீர் இரைந்துகொண்டு வந்து ஓடையை நிரப்பியது. அவள் கழற்றி வைத்த குழாய்கள் போயே போய்விட்டன.

வீட்டுக்கு வந்ததும் அவள் அப்பாவின் மடியில் விழுந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவர் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, கத்திக் கத்திக் கம்மிப்போன குரலில் சொன்னார்: “இனி வெள்ளம் தா.”