தொடாதீர்கள் என்று எழுதிய பகுதி

மென்பொருள் எழுதக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இலவசமாக எங்கே என்ன கிடைக்கும் என்று இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். எனக்கு வேலை தேனாம்பேட்டையில், வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில். ஞாயிற்றுக்கிழமை காலைகள் இந்தப் பக்கத்துக்குப் போய்விடும். சேர்ப்பது ஒரு வேலையே இல்லை, யார் வேண்டுமானாலும் மூட்டை மூட்டையாகச் சேர்க்கலாம். ஒவ்வொன்றையும் திறந்து, பாடத்தை நானே செய்து பார்த்து, தேறாததைத் தூக்கி எறிவதுதான் வேலை. நல்ல தளம் ஒன்றை அதன் சொந்தக்காரர் கைவிட்டால், அதே முகவரியை எவனாவது வாங்கி, இலவச மென்பொருள் என்ற பெயரில் வைரஸை வைத்துவிடுகிறான். அப்படிக் கெட்டுப்போனவற்றைப் பக்கத்தின் கடைசியில் ‘இவற்றைத் தொடாதீர்கள்’ என்ற தலைப்பில் காரணத்தோடு எழுதி வைப்பேன். வெறும் முகவரிதான், அழுத்தினால் எங்கும் போகாது.

எங்கள் குடியிருப்பின் மேல்மாடி மாமா வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாட்ஸப் குழுவில் தினமும் காலை வணக்கம் போடுகிறவர். அவர் என் பக்கத்தை எடுத்து பிடிஎஃப் ஆக்கி ஊருக்கெல்லாம் அனுப்பினார். முதல் பக்கத்தில் பிள்ளையார் படம், அதன் கீழே ‘தொகுப்பு’ என்று போட்டு அவர் பெயர். பெயருக்காகச் சண்டை போட எனக்கு நேரமில்லை.

அவர் வீட்டில் சமைக்கிற அம்மா பெரும்பாக்கத்திலிருந்து வருகிறவர். ஆற்றங்கரையில் இருந்த வீட்டை அரசாங்கத்தில் இடித்து, அவர்களை ஊருக்கு வெளியே அங்கே அனுப்பியிருந்தார்கள். அவருடைய மகள் தி. நகரில் ஒரு சின்ன அலுவலகத்தில் கணினி வேலைக்குச் சேர்ந்திருந்தாள், இன்னும் நிரந்தரமாகவில்லை. மகள் மேற்கொண்டு படிக்க ஏதாவது கிடைக்குமா என்று அந்த அம்மா கேட்டதற்கு மாமா அந்த பிடிஎஃபை அனுப்பினார். அவள் அதிலிருந்து ஒரு மென்பொருளை அலுவலகக் கணினியில் இறக்கினாள். மதியத்துக்குள் வைரஸ் புகுந்து, அதிலிருந்த கோப்புகள் எல்லாம் திறக்க முடியாதபடி பூட்டிக்கொண்டன. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த அம்மா நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“அது நீ போட்ட லிஸ்ட்டுன்னு மேல்வூட்டு சார் சொல்றாரும்மா. நம்பித்தானே பாப்பா தொட்டுச்சு?”

புகழ் அவருக்கு, பழி எனக்கா? பிடிஎஃபைத் திறந்தேன். ‘தொடாதீர்கள்’ என்ற என் தலைப்பைக் காணோம், காரணங்களைக் காணோம். பினாயில் பாட்டிலில் ஒட்டிய சீட்டைக் கிழித்துவிட்டு எண்ணெய்ப் பாட்டில்களோடு அடுக்கி வைத்தது போல நல்லதும் கெட்டதும் ஒரே வரிசையில் இருந்தன. போதாததற்கு, கெட்டவை இப்போது அழுத்தினால் அந்தத் தளத்துக்கே போகவும் செய்தன. மாடிக்கு ஏறிப் போய்க் கேட்டேன்.

“தலைப்பு நெகட்டிவா இருந்தது. பிள்ளையாரைப் போட்டு ஆரம்பிச்சுட்டு, தொடாதேன்னா முடிக்கறது? அதான் எல்லாத்தையும் ஒண்ணா சேத்துட்டேன்” என்றார். பட்டியலும் நீளமாகத் தெரிந்ததாம்.

என்னோடு தி. நகருக்கு வந்து இதை அந்தப் பெண்ணின் முதலாளியிடம் சொல்லுங்கள் என்றேன். முழங்கால் வலி என்றார். பிறகு, இந்த மாதிரி விஷயத்தில் தன் பெயர் எதற்கு என்றார்.

“பேர் போட்டுக்கத் தெரிஞ்சுதில்ல மாமா? அதே பேரைச் சொல்ல வாங்க.”

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

நான்தான் அந்தப் பெண்ணை அழைத்துப் போனேன். என் பக்கத்தையும் பிடிஎஃபையும் அருகருகே வைத்துக் காட்டினேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார், நம்பவும் நம்பினார். ஆனால் வாடிக்கையாளர் கோப்புகள் போனது போனதுதான், இவளை வைத்துக்கொள்ள முடியாது என்றார். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே குழுவில் மாமாவின் ‘புதிய பதிப்பு’ வந்தது. கெட்ட முகவரிகளை எடுத்திருந்தார், ஏன் எடுத்தார் என்று ஒரு வரி இல்லை. நடந்ததை நான் எழுதினேன். பெரியவரைப் பொதுவில் இப்படிப் பேச வேண்டாம் என்று எனக்குத்தான் அறிவுரை வந்தது. அவருக்குக் கைகூப்புகள் வந்தன. வெட்கங்கெட்ட ஜனங்கள்.

மறுநாள் காலை மாடிப்படியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். கையில் மாமா வீட்டுப் பால் பாக்கெட். மாமாவிடம் நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லையா என்றேன்.

“இன்னான்னு கேக்கறதும்மா? பாப்பா வேல பூட்ச்சு. இப்ப வூட்ல இந்த ஒரு சம்பளம்தான் கீது.”

சொல்லிவிட்டு மேலே ஏறிப்போய் மாமா வீட்டு மணியை அழுத்தினார்.