ஏழு ஒன்றுகள்

ப்ளஸ் டூ புதிதாக வந்த காலம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருந்த எங்கள் பெண்கள் பள்ளிக்கு மனையியல் பிரிவு மட்டும் போதும் என்று பேச்சு அடிபட்டது. பத்தாம் வகுப்பில் இருந்த எனக்கு அது பொறுக்கவில்லை. இட்லிக்கு மாவு கரைக்கப் பள்ளிக்கூடம் எதற்கு? கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற திமிர் எனக்கு உண்டு. இன்றும் இருக்கிறது.

ஆய்வுக்கு வந்த அதிகாரியைக் கணக்கு டீச்சர் விடவில்லை. “எங்க பொண்ணுங்களுக்குக் கணக்குப் பிரிவு வேணும் சார்” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதிகாரி சிரித்துக்கொண்டே கரும்பலகையில் ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதினார். பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று.

“இது பகா எண்ணா, இல்லியா? நான் கிளம்பறதுக்குள்ள சொல்லட்டும். சரியாச் சொன்னா நானே சிபாரிசு பண்றேன்.”

ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதற்குள் எதுவும் மீதியில்லாமல் வகுக்காவிட்டால் அது பகா எண்தான். ஆனால் அத்தனையையும் ஒருத்தி செய்து முடிக்க முடியுமா? மணிலா, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் களை வெட்டுகிற மாதிரி ஆளுக்கொரு பாத்தியாகப் பகா எண்களைப் பிரித்துக்கொண்டோம். எங்களில் பாதிப் பேருக்கு லீவு நாளில் களை வெட்டுவதுதான் வேலை.

எல்லோருக்கும் மீதி வந்தது. “பகா எண்தான், போய்ச் சொல்லிடலாம்” என்று கிளம்பியபோது என் பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இருடி. வெட்டுனவளே பாத்தா களை தெரியாது. பாத்தியை மாத்திக்கலாம்.”

கொல்லையில் அதுதான் வழக்கம். அவள் பாத்தி எனக்கு வந்தது. அதில் 239-ஆல் வகுத்து மீதி பத்து என்று போட்டிருந்தாள். நான் வகுத்தபோது கடைசியில் 2151 நின்றது. ஒன்பது முறை 239 எவ்வளவு? அதே 2151. மீதி இல்லை! ஈவு 4649. என் கத்தலில் அடுத்த வகுப்பு டீச்சரே எட்டிப் பார்த்தார்.

அதிகாரி பெருக்கிப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் விடவில்லை.

“4649-ஐ இன்னும் உடைக்க முடியுமா?”

“முடியாது சார்,” என்றேன். “அதை உடைச்சா எழுபதுக்குள்ள ஒரு பகா எண் வந்தாகணும். அது இந்தப் பெரிய எண்ணையும் வகுக்கும். அந்தப் பாத்தியெல்லாம் ரெண்டு வாட்டி பாத்துட்டோம். ஒண்ணும் மாட்டல.”

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். “யார் கண்டுபிடிச்சது?”

எல்லோரும் சேர்ந்து என்று அடக்கமாகச் சொல்லியிருக்கலாம். நான் கையைத் தூக்கினேன். “நான்தான் சார். மாத்திப் பாக்கலாம்னு சொன்னது இவ.”

“உனக்கு இன்னா பிரிவு வேணும்?”

“கணக்கு சார். எனக்கு மட்டும் இல்ல, எங்க எல்லாருக்கும்.”

ஜூன் மாதம் எங்கள் பள்ளியில் கணக்குப் பிரிவு தொடங்கியது. முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வேறெங்கே உட்காருவேன்?